தமிழ் விளங்கிய தெரு

மெல்பேர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் இருக்கும் மரியமலர் நகரத்துக்குள் தனியாக ரயில் ஏறிப் போனதில்லை. சந்திக் கடையில் பால் வாங்குவதென்றாலும் மகள் றொஷானி பக்கத்தில் வரவேண்டும். அப்படிப்பட்டவள், பூமிக்கு அந்தப் பக்கம், கரிபியன் கடலில் ஒரு தீவின் நடுநகரத்தில் தனியாக நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளை, பயப்பிடாத. நான் துலைஞ்சுபோனன்.”

2012ஆம் ஆண்டு, ஆடி மாதக் குளிர். ஞாயிறு காலை. வெளியே இருட்டு முழுதாக விலகவில்லை. றொஷானி குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்தல் போட்டுவிட்டு நின்றாள்.

“என்னம்மா சொல்லுறீங்கள்? சின்னம்மா எங்க?”

“அவையள் போயிட்டினம். கோயிலுக்குள்ள நான் அப்பாவுக்கு ஒரு செபமாலை சொல்லுவம் எண்டு முழந்தாள்ல இருந்தனான். எழும்பிப் பாத்தா ஒருத்தரையும் காணேல்ல.”

கனடாவில் இருக்கும் அம்மாவின் தங்கை பிலோமினாவின் மகளுக்குக் கலியாணம். அதற்காகத்தான் அம்மா ரொறன்ரோவுக்குப் போனாள். கலியாணம் முடிந்த கையோடு பிலோமினா குடும்பம் அக்காவையும் இழுத்துக்கொண்டு ஒரு வாரக் கப்பல் பயணம் கிளம்பிவிட்டது. தினம் ஒரு தீவு. இன்றைக்கு சாந்தோ டொமிங்கோ நகரம். அங்கே இன்னும் சனிக்கிழமை பின்னேரம்.

“கப்பல் எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?”

“ஏழுக்கு எண்டவை. ஆறரைக்கு முதல் ஏறவேணுமாம். ஏறாட்டி விட்டுட்டுப் போயிடுவாங்களாம்.”

“பாஸ்போட்?”

“பிலோமினாவின்ர கைப்பையில.”

சின்னம்மாவின் கனடா போன் அந்தத் தீவில் வேலை செய்யாது என்று நேற்றுத்தான் அம்மா சொல்லியிருந்தாள். அம்மாவிடம் இருப்பது, எந்த நாட்டிலும் வேலை செய்யும் என்று கலியாணப் பெண் கொடுத்துவிட்ட போன். அதில் அவளுக்கு எடுக்கத் தெரிந்த ஒரே நம்பர் இந்த வீடு.

“அம்மா, போன்ல சார்ஜ் எவ்வளவு கிடக்கு?”

“சிவப்பாக் கிடக்கு.”

இரவு வேலை முடிந்து வந்து பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்த அண்ணன் கொட்பிறி நிமிர்ந்து பார்த்தான். “ஆர், அம்மாவோ? என்னவாம்?”

“துலைஞ்சுபோனாவாம்.”

“கப்பல்லயோ? அதுக்குள்ள என்னண்டு துலையிறது?”

“கரையிலயண்ணா!”

அவன் போனைப் பறித்தான். “அம்மா, பக்கத்தில பொலிஸ் ஆரும் நிக்கிறாங்களோ? போய்க் கேளுங்கோ.”

“நிக்கிறான் ஒருத்தன், துவக்கோட. நான் கிட்டப் போகமாட்டன்.”

போர்க்காலத்தில் மன்னாரில் வாழ்ந்துவிட்டு வந்த அம்மாவிடம், துவக்கோடு நிற்பவனிடம் போய் வழி கேள் என்று எந்த வாயால் சொல்வது? அவன் போனைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தான்.

றொஷானிக்குப் போன் என்றாலே ஆகாது. பீட்சா சொல்வதற்குக்கூட அண்ணனைத்தான் கேட்பாள். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறாள். போத்தல்கள் கதைப்பதில்லை என்பதே அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த விஷயம். ஆனால் இப்போது வெட்கப்பட நேரமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். லாப்டொப்பைத் திறந்து நகரத்தின் வரைபடத்தை எடுத்தாள்.

“அம்மா, முன்னால என்ன தெரியுது?”

“சிலை ஒண்டு. ஒரு மனுசன் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறான். காலடியில ஒரு பெட்டை ஏறிறாள், பாவம். அவன் அவளைப் பாக்கேல்ல. சுத்திவர ஒரே புறா.”

றொஷானி படங்களைத் தேடினாள். யாரோ ஒரு சுற்றுலாக்காரர் ஏற்றிவைத்திருந்த படம் திரையில் விரிந்தது. பெரிய மரங்கள், கல் பாவிய சதுக்கம், நடுவில் கொலம்பஸ் சிலை. அதன் அடியில் ஏறும் பூர்வகுடிப் பெண். புறாக்கள். அந்தப் புறாக்களுக்கு நடுவில் இந்த நிமிடம் அம்மா நிற்கிறாள். கேத்தல் கொதித்து நின்றதை றொஷானி கவனிக்கவில்லை.

“கண்டுபிடிச்சிட்டன். அம்மா, நீங்கள் செபம் சொன்ன கோயில், அமெரிக்கக் கண்டத்திலயே முதன்முதல் கட்டின பேராலயம். ஐந்நூறு வருஷம் ஆகப்போகுது.”

“அதுதானே பாத்தன்! பிள்ளை, அது முழுக்க முருகைக்கல்லு. எங்கட மன்னார்க் கோட்டை மாதிரி. நான் தடவிப் பாத்தனான். கல்லுக்குள்ள சிப்பி கிடக்கு.”

“அம்மா, நேரம் போகுது.”

“கை வைச்சா இன்னும் சுடுது. பகல் வெயில் உள்ளுக்க இருக்கு.”

அது கல்சியம் காபனேற்று என்று றொஷானிக்குத் தெரியும். கடலுக்கடியில் சிறு உயிர்கள் கோடிக்கணக்கில் செத்துச் சேர்ந்த கல். ஆனால் இரண்டு கடல்களில் சேர்ந்த ஒரே கல்லை ஒரே கை தொட்டிருக்கிறது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. கொட்பிறி மேசையில் தட்டினான். “றொஷா, கப்பல்!”

“அம்மா, கோயில் உங்கட வலக்கைப் பக்கம் இருக்கிறமாதிரித் திரும்புங்கோ. வெயில் முதுகில விழுதோ?”

“விழுது.”

“நிழல் முன்னால கிடக்கும். அதுக்குப் பின்னால நடவுங்கோ. தெரு முடியுற இடத்தில சொல்லுங்கோ.”

அம்மா நடந்தாள். போனுக்குள் நகரம் நடந்தது. சப்பாத்துச் சத்தம், ஏதோ கடையிலிருந்து பாட்டு, மோட்டார்சைக்கிள் ஒன்று, நாய் ஒன்று. எங்கோ மணி அடித்தது. கிரெய்கிபர்ன் குசினியில் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு றொஷானி விரலால் வரைபடத்தில் அம்மாவை நகர்த்தினாள்.

“தெரு முடிஞ்சிது.”

“இடக்கைப் பக்கம் திரும்புங்கோ. இனி நீங்கள் நடக்கப்போற தெருவுக்குச் சீமாட்டிகள் தெரு எண்டு பேர். வெள்ளைக்காரர் இந்தக் கண்டத்தில முதல் கல்லுப் பாவின தெருவாம். ஆளுநரின்ர மனிசியும் தோழியளும் பின்னேரத்தில உலாத்துவினமாம்.”

“அப்ப நானும் உலாத்துறன்.”

“உலாத்தாதேங்கோ, கெதியா வாங்கோ!”

“கத்தாத பிள்ளை. இஞ்ச சுவரெல்லாம் தேன் நிறத்தில மினுங்குது. கதவு ஒவ்வொண்டும் யானை போற அளவு. யன்னல் கம்பியில பூச்செடி தொங்குது. மேல பாத்தா நீலம், கீழ பாத்தா கல்லு. நான் இப்படி ஒண்டைக் கண்டதில்லை. உன்ர அப்பாவும் கண்டதில்லை.”

அம்மாவின் குரலில் பயம் இல்லை என்பது றொஷானிக்கு அப்போதுதான் உறைத்தது. மருத்துவரிடம் போனால் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து இருக்கும் குரல் அல்ல இது. இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா நின்றாள். “இஞ்ச ஒரு கல்லுத் தூண். கோடும் இலக்கமும் வெட்டியிருக்கு. முள்ளில்லாத மணிக்கூடு.”

“வெயில் மணிக்கூடு அம்மா. நிழல் எதில விழுது?”

“அஞ்சில. பாத்தியே, நேரம் கிடக்கு. நீ சும்மா பதறிறாய்.”

றொஷானி ஒரு கணம் குழம்பினாள். பிறகு கணக்கு ஓடியது. அந்தத் தீவின் மணிக்கூடுகள் சூரியனுக்கு முன்னால் ஓடுகின்றன. முக்கால் மணிநேரம்வரை வித்தியாசம் வரும்.

“அது சூரியன்ர நேரம் அம்மா. கப்பல்காரன் சூரியனைப் பாத்து ஏணி தூக்கமாட்டான். இப்ப ஆறுக்குக் கிட்ட. ஓடுங்கோ!”

அம்மா ஓடியிருக்கவேண்டும். தடதடவென்று நாலு சத்தம் கேட்டது. பிறகு ஒரு “ஐயோ.”

“என்னம்மா?”

“ஒண்டுமில்லை. விழேல்ல. பிலோமினா வேண்டித்தந்த சப்பாத்து! அடி கழண்டுபோச்சு. சப்பாத்து வாயைப் பிளந்துகொண்டு நிக்குது.”

அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெண்குரல் கேட்டது. உரத்த, கனிந்த குரல். “சாபாத்தோ?”

அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். “பிள்ளை! இந்த மனிசி தமிழ் கதைக்கிறா!”

“அம்மா, அது ஸ்பானிஷ்.”

“சப்பாத்து எண்டு சொல்லுறா! பொறு.” அம்மா அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். “சப்பாத்து.”

“சாபாத்தோ!” என்றாள் அந்தப் பெண், பள்ளிப் பிள்ளையிடம் சொல்வதுபோல.

“மேசை,” என்றாள் அம்மா.

“மேசா?”

“குசினி.”

“கொசீனா! சீ, சீ!” என்று ஆமோதித்தாள் அந்தப் பெண்.

“கேட்டியே? இவைக்கு எங்கட தமிழ் விளங்குது. நீ சும்மா இரு, நான் கதைக்கிறன்.”

கொட்பிறி பாணைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றான். போத்துக்கீசர் மன்னாருக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப்போன சொற்கள். அவற்றின் அக்கா தங்கைகள் வேறு கப்பலில் ஏறி இந்தத் தீவுக்கு வந்திருக்கின்றன. ஐந்நூறு வருஷம் கழித்து, கிழிந்த ஒரு சப்பாத்துக்காக அவை ஒன்றையொன்று சந்தித்துக்கொள்கின்றன. இதைக் கேட்கத் தான் எழும்பியிருந்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று றொஷானிக்குத் தோன்றியது.

ஆனால் அம்மா அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள்.

“குந்தியிருக்க ஒரு கதிரை தாங்கோ. கால் ஏலாமல் கிடக்கு. கதிரை. கதிரை.”

அந்தப் பெண் அலறினாள். “லா கதேரா! ஆய், தியோஸ் மீயோ, லா கதேரா!”

“ஓம், ஓம், கதிரை. இருக்க, இருக்க.”

“அம்மா, என்ன செய்யிறீங்கள்?”

“இருக்கிறதுக்கு எண்டு இடுப்புக்குக் கீழ தட்டிக் காட்டினனான். விளங்கீட்டுது அவவுக்கு. எல்லாரையும் கூப்பிடுறா.”

காலடிச் சத்தங்கள் ஓடிவந்தன. ஆண்குரல்கள். “கதேரா”, “கதேரா” என்று ஒவ்வொரு வாயிலும் அந்தச் சொல். அதற்குள் ஒரு சொல் றொஷானியின் காதில் குத்தியது. “ஒஸ்பித்தால்.”

“பிள்ளை, இவை ஏன் என்ர ரெண்டு கையையும் பிடிக்கினம்? கதிரை ஒண்டையும் காணேல்ல. ஒரு காரைக் கொண்டுவருகினம். கதவைத் திறக்கினம். என்னை எங்கயோ ஏத்தப்போகினம்!”

“ஏறாதேங்கோ!”

கொட்பிறி போனுக்குள் குனிந்து கத்தினான். “ஹலோ மேடம்! மை மதர்! ஷிப்! ஷிப்! பிக் ஷிப்!” மறுபக்கம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் அதையே இன்னும் உரத்துக் கத்தினான். சத்தம் கூடினால் ஆங்கிலம் ஸ்பானிஷாகிவிடும் என்பதுபோல.

றொஷானி காதில் விழுந்ததை அப்படியே அகராதிப் பக்கத்தில் தட்டினாள். பதில் வந்தது. அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

“அண்ணா, கதேரா எண்டா இடுப்பெலும்பு.”

“என்ன?”

“அம்மா இடுப்பெலும்பு, இடுப்பெலும்பு எண்டு தட்டிக் காட்டிக்கொண்டு நிக்கிறா. விழுந்து முறிஞ்சுபோச்சு எண்டு நினைச்சு ஆஸ்பத்திரிக்கு ஏத்துகினம்.”

கொட்பிறி சிரிக்கப்போய், அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கப்பல் போய்விடும். பாஸ்போட் இல்லை, பாஷை இல்லை, போனில் உயிரும் இல்லை.

“அம்மா, போனை அந்த மனிசியிட்டக் குடுங்கோ.”

“நீயே கதைக்கப்போறாய்?”

“குடுங்கோ!”

மறுமுனையில் மூச்சு மாறியது. முன்பின் தெரியாத ஒரு பெண் உலகத்தின் மறுபக்கத்திலிருந்து “ஓலா?” என்றாள். றொஷானி அகராதியில் அவசரமாகத் தேடியெடுத்த சொற்களைப் பிடித்துக்கொண்டாள்.

“நோ கதேரா,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பச் சொன்னாள். “நோ கதேரா. சீயா. சீயா! மி மாமா. பார்க்கோ. பார்க்கோ!”

இடுப்பில்லை. கதிரை. என் அம்மா. கப்பல்.

அந்தப் பெண் மெதுவாக, “உனா சீயா?” என்றாள். திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். ஒரு கணம் கழித்து அந்தத் தெருவே வெடித்துச் சிரித்தது. ஆண்கள், பெண்கள், யாரோ கைதட்டுகிறார்கள். சிரிப்பு கல்லில் பட்டு எதிரொலித்து வந்தது. அதற்குள் அம்மாவின் சிரிப்பும் இருந்தது, ஏன் என்று தெரியாமலே.

அந்தப் பெண் போனுக்குத் திரும்பி வந்தாள். “பார்க்கோ, சீ. திராங்கீலா, மி அமோர். திராங்கீலா.” பிறகு அம்மாவின் குரல்.

“பிள்ளை, கதிரை வந்திட்டுது! வெள்ளைப் பிளாஸ்திக் கதிரை, எங்கட கோயில் மண்டபத்தில கிடக்கிறமாதிரி. இருந்திட்டன். அப்பாடா. இதென்ன… பொறுங்கோ, பொறுங்கோ! ஐயோ மாதாவே, தூக்கிறாங்கள்!”

“அம்மா!”

“கதிரையோட தூக்கிறாங்கள் பிள்ளை! ரெண்டு பொடியள் அந்தப் பக்கம், ரெண்டு பொடியள்...”

போன் நின்றுவிட்டது.

றொஷானி திரும்ப எடுத்தாள். இன்னொரு தரம் எடுத்தாள். ஒரு பெண்ணின் பதிவுக்குரல் ஸ்பானிஷில் ஏதோ சொன்னது. அதில் ஒரு சொல்கூட மன்னார்த் தமிழ் இல்லை.

கொட்பிறி தன்னுடைய போனில் கப்பல்கள் போகும் வரைபடம் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஆற்றுக்குள் ஒரு சிறு நீலப் புள்ளி நின்றது. “இதுதான் கப்பல்.” இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சீமாட்டிகள் தெரு முடியும் இடத்தில் ஒரு பெரிய வெளி. அதன் ஓரத்தில் கொலம்பஸின் மகன் கட்டிய மாளிகை. மாளிகைக்குப் பக்கத்தில் பழைய மதில்வாசல். வாசலைத் தாண்டி இறங்கினால் துறைமுகம். வழி இவ்வளவுதான். வரைபடத்தில் அது அவளுடைய சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

“பொடியள் விழுத்திப்போட்டாங்கள் எண்டால்?” என்றான் கொட்பிறி.

“சும்மா இருங்கோ அண்ணா.”

அவள் அகராதியில் ‘திராங்கீலா’வைத் தேடினாள். அமைதியாக இரு, என்று இருந்தது. அவளால் முடியவில்லை. தேத்தண்ணி போட்டாள், குடிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் எதிர்வீடுகூடத் தெரியவில்லை.

பிறகு புள்ளி அசைந்தது.

முதலில் தன் கண்தான் அசைந்தது என்று நினைத்தாள். இல்லை, அது ஆற்றுவாயை நோக்கி நகர்ந்தது. மெதுவாகக் கடலுக்குள் இறங்கியது. அம்மா அந்தப் புள்ளிக்குள் இருக்கிறாளா, கரையில் ஒரு வெள்ளைக் கதிரையில் இருக்கிறாளா என்று அந்தப் புள்ளி சொல்லவில்லை. கொட்பிறி காரணமில்லாமல் பாண் துண்டுகளை அடுக்கினான்.

தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. றொஷானி முதல் மணியிலேயே எடுத்தாள்.

“றொஷானி!” சின்னம்மா அழுதுகொண்டே திட்டினாள். “கப்பல் போன்ல இருந்து எடுக்கிறன். உன்ர கொம்மா செய்த வேலை தெரியுமோ? நாங்கள் ஏணியடியில நிண்டு கத்திக்கொண்டு நிக்கிறம், தொப்பிக்காரன் ஏணியைத் தூக்கப்போறான், அந்த நேரம் மேட்டில இருந்து ஒரு பவனி வருது! முன்னால ஒரு குண்டு மனிசி எல்லாரையும் விலத்திக்கொண்டு வாறா. பின்னால நாலு பொடியள் தோளில கதிரை. கதிரையில ஆர்? இவ! மடுமாதா சுரூபம் மாதிரி, ஒரு கையில சப்பாத்து, மற்றக் கையால சனத்துக்குக் கை காட்டிக்கொண்டு!”

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “நான் கை காட்டேல்ல. அவை காட்டினவை, நானும் காட்டினனான். போனைத் தா.”

கொட்பிறி கதிரையில் தொப்பென்று இருந்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். றொஷானியால் சிரிக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

“பிள்ளை,” என்றாள் அம்மா. “அந்த மனிசியிட்டப் பேர்கூடக் கேக்கேல்ல.”

“ஏனம்மா?”

“பேருக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்ல. அந்த ஒரு சொல்லு மட்டும் எங்களிட்ட இல்லைப் போல.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். “நீ கதைச்சாய் என்ன? தெரியாத ஆக்களோட.”

“ஓம்.”

“நல்ல வடிவா விளங்கினதாம் அவைக்கு.”

போனுக்குள் காற்றின் இரைச்சல். அம்மா கப்பலின் மேல்தட்டில் நிற்கவேண்டும்.

“தூக்கிக்கொண்டு போகேக்க நான் எல்லாத்தையும் பாத்தன் பிள்ளை. மாளிகையைப் பாத்தன், மதிலைப் பாத்தன். ஆக்களின்ர தலைக்கு மேலால. நடந்திருந்தா அவ்வளவும் தெரிஞ்சிராது.” அம்மா மூச்சு விட்டாள். “இப்ப வெயில் அந்த ஊருக்குப் பின்னால இறங்குது. கோட்டை எல்லாம் ஒரே சிவப்பு. அங்க என்ன மாதிரி?”

றொஷானி யன்னலுக்குப் போனாள். எதிர்வீட்டுக் கூரை ஈரத்தோடு மினுங்கியது.

“பனி இப்பதான் கலையுது அம்மா. வெயில் வருது.”

“ஓம், வரும்,” என்றாள் அம்மா. “இஞ்ச முடிச்சிட்டுத்தானே வாறது.”